ஐந்தாம் மாடியின் ஆறு செடிகள்

அலுவலகங்களில் வைத்திருக்கும் தொட்டிச் செடிகளைப் பராமரிப்பது சிவமலரின் வேலை. தண்ணீர் ஊற்றி, காய்ந்த இலையைக் கிள்ளி, பூச்சி பிடித்திருந்தால் துடைத்துவிட்டு வர வேண்டும். 1991ஆம் ஆண்டு கோடையில் அவளுக்குப் புதிதாக ஒரு கட்டடம் கொடுத்தார்கள். அதன் ஐந்தாம் மாடியிலிருந்த கம்பனி காலி செய்துகொண்டு போய்விட்டது. செடிகளுக்கான ஒப்பந்தம் நவம்பர் வரை இருந்ததால், வெறுங்கூடத்தில் ஆறு ரப்பர் செடிகள் மட்டும் நின்றன.

ஆறிலும் மாவுப்பூச்சி. காம்பு இடுக்குகளில் வெள்ளை வெள்ளையாக அப்பிக் கிடந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் இலை இலையாகத் துடைத்தாள். நாலு செடி முடிவதற்குள் நேரமாகிவிட்டது. மற்ற இரண்டையும் அடுத்த செவ்வாய்க்கு விட்டுப் போனாள்.

செவ்வாய் வந்து பார்த்தால் அந்த இரண்டிலும் ஒரு பூச்சிகூட இல்லை.

மாடிச் சாவி, கீழே காவலுக்கு இருந்த அம்பலவாணனிடம்தான் இருக்கும். அவளைப்போல அவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்.

"அண்ணை, நீங்களோ பூச்சி துடைச்சது?"

"நானோ? எனக்கு உதுகளைக் கண்டாலே அருவருப்பு, பிள்ளை. நீர் போனாப்பிறகு அந்தக் கதவு திறக்கவேயில்லை. திறப்பு என்னட்டைத்தான் கிடந்தது."

மூன்றாம் வாரம் அவள் கதவைத் திறந்ததுமே ஸ்பிரிட் வாடை அடித்தது. ஜன்னலோரச் செடியின் ஓர் இலை பாதி வரை துடைக்கப்பட்டிருந்தது. தொட்டாள். ஈரம். விரல் நுனி சில்லிட்டது. ஸ்பிரிட் ஒரு நிமிடத்தில் காய்ந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அவளுடைய போத்தலோ இன்னும் பைக்குள்ளேயே இருந்தது.

"ஆர் அங்கை?" என்றாள். ஒளிந்துகொள்ள ஓர் அலமாரிகூட இல்லாத கூடம் அது. ஆனாலும் ஓடவில்லை; மிச்சப் பாதி இலையைத் துடைத்து முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

அடுத்த வாரம் அம்பலவாணனைத் துணைக்குக் கூட்டிப் போனாள். வாடையும் இல்லை, ஈரமும் இல்லை. ஆறு செடிகளிலும் முன்னைவிட மோசமாகப் பூச்சி மண்டியிருந்தது. யாரோ மனம் நொந்து கைவிட்டுப் போனதுபோல் இருந்தது. அதைப் பார்க்க, துணைக்கு ஆளைக் கூட்டி வந்ததை நினைத்து அவளுக்குப் பயத்தைவிட வெட்கமே மிஞ்சியது.

அதற்கடுத்த செவ்வாய் தனியாகப் போனாள். போத்தலைத் திறந்து, பஞ்சைப் பக்கத்தில் வைத்துவிட்டு, செடிகளுக்கு முதுகைக் காட்டி ஜன்னல் அருகே நின்றாள். கீழே பஸ்கள் போயின. பின்னால் சத்தம் எதுவும் இல்லை. வாடை மட்டும் மெல்ல மெல்லக் கனத்தது. கழுத்து மயிர் சிலிர்த்தது. ஒருமுறை அவள் தோளுக்கு அருகிலேயே ஓர் இலை அசைந்து நின்றது. அவள் திரும்பவில்லை. வாடை முழுதாக அடங்கிய பிறகுதான் திரும்பினாள். ஆறு செடிகளும் சுத்தமாயிருந்தன. பஞ்சு அழுக்கேறிக் கிடந்தது.

நவம்பர் வரை செவ்வாய்தோறும் அப்படியே நடந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. பூச்சியும் மறுபடி மண்டவில்லை.

கடைசி நாளில் தொட்டிகளை லிப்டில் ஏற்றி இறக்கிவிட்டார்கள். கதவைப் பூட்ட அம்பலவாணன் வந்தபோது சிவமலர் வாசலில் நின்று கூடத்தைப் பார்த்து, "அப்ப, நான் போட்டு வாறன்" என்றாள்.

"ஆருக்குப் பிள்ளை சொல்லுறீர்?"

"செடியளுக்கு அண்ணை."

அவர் வெறுமையான கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு அவசரமாகக் கதவைப் பூட்டினார்.