மூத்தவர் பார்வைக்கு

எக்ஸ்ரே அறையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவளுக்குக் கண் கூர்மையாக இருந்ததில் அதிசயம் இல்லை. வாய்தான் தேய்ந்து போயிருந்தது. படத்தை எடுப்பது அவள் வேலை. அதில் என்ன இருக்கிறது என்று சொல்வது டாக்டர் வேலை. நுரையீரலில் புள்ளி பளிச்சென்று தெரிந்தாலும், "டாக்டர் சொல்வாரு" என்று அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும். புதிதில் ஒருமுறை வாயைத் திறந்து வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதோடு சரி.

நூலகத்தில் வேலை பார்க்கும் அக்கா அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. புருஷன் சட்டையில் ஒட்டிய ஒற்றை முடியைக்கூட விடமாட்டாளாம். அந்த அக்காதான் சிறுகோள் தேடும் ஒரு இணையதளத்தை அவளுக்குக் காட்டினாள். தொலைநோக்கி எடுத்த படங்களை நான்கு நான்காகப் போடுவார்கள். ஒரே வானம், பத்துப் பத்து நிமிஷ இடைவெளி. நட்சத்திரங்கள் நின்ற இடத்தில் நிற்கும். நகர்கிற புள்ளி ஏதாவது இருந்தால் அது யாரும் பார்க்காத சிறுகோளாக இருக்கலாம். கண்டவர் பெயர் பட்டியலில் ஏறும்.

அந்தப் பட்டியல்மேல் அவளுக்கு வெறியே பிடித்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் எடுத்த படங்களுக்குக் கணக்கில்லை. எல்லா அறிக்கையிலும் டாக்டர் பெயர்தான். ஒரு இடத்திலாவது தன் பெயர் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். இதில் என்ன தப்பு?

ஏழு மாதம், மதிய இடைவேளை தவறாமல் பார்த்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை, ஓரமாக மங்கலான புள்ளி ஒன்று நான்கு படத்திலும் நகர்ந்தது. கீழே இரண்டு பொத்தான்கள்: 'நான் கண்டதை அறிவிக்கிறேன்', 'மூத்தவர் பார்வைக்கு அனுப்பு'. மூத்தவர் என்றால் அந்தத் தளத்தில் வெகுநாளாகப் படம் பார்க்கிற அனுபவசாலி. அவள் யோசிக்கவே இல்லை. புள்ளிக்கு அம்புக்குறி போட்டாள், மூத்தவர் பார்வைக்கு அனுப்பினாள், சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போனாள்.

மூன்று வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. மூத்தவர் படத்தைப் பார்த்து, சரிதான் என்று முதல் பொத்தானை அழுத்தியிருந்தார். கண்டவர் என்ற இடத்தில் அவர் பெயர்.

இவள் தளத்துக்கு எழுதிக் கேட்டாள். பதில் ரொம்ப மரியாதையாக வந்தது. அறிவித்தவரே கண்டவர் என்பது விதி, அது முதல் பக்கத்திலேயே இருக்கிறது, உங்கள் கூர்மையான கண்ணுக்கு நன்றி. கூர்மையான கண்ணாம், தூக்கி உடைப்பில் போட.

போனில் அக்கா குதித்தாள். அந்த ஆள்மேல் புகார் கொடுக்க வேண்டும், நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி நாறடிக்க வேண்டும் என்றாள்.

"அவரு திருடலக்கா. நானா கொண்டுபோய்க் குடுத்தேன்."

"ரெண்டு பொத்தான் இருந்துச்சுல்ல? நான்தான் பாத்தேன்னு அமுக்கறதுக்கு என்னடி?"



"அது எனக்கு வச்சதுன்னு தோணவே இல்லக்கா."