ஆத்மநாதனின் கெட்டி டயர்

முத்துராமன் சைக்கிள் கடையின் விட்டத்தில் மூன்று டயர்கள் தொங்கின. அவற்றுக்கு எதிரே ஆத்மநாதன் நின்ற நிலையைப் பார்த்தால், சுயம்வர மண்டபத்தில் மாலையும் கையுமாக நிற்கிற ராஜகுமாரி என்றுதான் சொல்லவேண்டும்.

"சீக்கிரம் சொல்லுப்பா. டயருக்குத் தாலியா கட்டப்போறே?" என்றார் முத்துராமன். மடியில் ஒரு டியூபைப் போட்டுச் சொரசொரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தாலி கட்டுனது வல்லத்திராக்கோட்டையில இருக்குண்ணே. அவளோட இருக்கணும்னுதான் டயர் பாக்குறேன்."

விளையாட்டுக்குச் சொன்ன வார்த்தையில்லை அது. புதுக்கோட்டையில் சொக்கநாதன் செட்டியாரின் அச்சுக்கூடத்தில் அவன் ஈய எழுத்துக் கோப்பவன். காலையில் கதவைத் திறக்கும் சாவியும் அவனிடம்தான். செட்டியார் நம்பிக் கொடுத்த சாவி. ஆனால் வல்லத்திராக்கோட்டையிலிருந்து டவுனுக்கு வருகிற வண்டிப்பாதை முழுக்க முள். அறுப்பு முடிந்ததும் ஊரார் வேலி அடைக்கக் கருவேலமுள்ளை வண்டி வண்டியாக ஏற்றிப் போவார்கள். பாரம் போகிற வழியெல்லாம் உதிரும். விரல் நீள முள். அவன் சைக்கிளுக்குக் காற்று நின்ற நாளைவிடப் போன நாளே அதிகம். அவன் பாதி வழியில் ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்க, அங்கே அச்சுக்கூடத்து ஆட்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் வெற்றிலை போட்டுக்கொண்டு நிற்பார்கள்.

நேற்று செட்டியார் தீர்த்துச் சொல்லிவிட்டார். "தம்பி, நீ நல்ல வேலைக்காரன். அதுல ஒரு குறையும் இல்லை. ஆனா உன் சைக்கிளை நம்பி நான் தொழில் நடத்த முடியாது. மேலராஜவீதியில ஒரு ரூம் பாத்து வச்சிருக்கேன். டவுன்லயே தங்கிக்க. இல்லைன்னா சாவியைக் கண்ணுசாமிகிட்டக் குடுத்துட்டு வேற எடம் பாரு."

டவுனில் தங்குவது மற்றவர்களுக்கு எளிது. ஆத்மநாதனுக்குக் கல்யாணமாகி ஒரு போகம்கூட விளையவில்லை. அவன் மனைவி சொர்ணவல்லி கிணற்றடியில் கத்தரியும் வெண்டையும் போட்டிருந்தாள். மாடு பூட்டித் தண்ணீர் இறைக்க ஒருவர், பாத்திக்குப் பாத்தி மடை திருப்ப ஒருவர் வேண்டும். விடியுமுன் அவன் இறைப்பான், அவள் மண்வெட்டியோடு வாய்க்காலில் நிற்பாள். அந்த நேரத்துக்கு ஈடாக ராஜவீதியையே எழுதிக் கொடுத்தாலும் அவன் வாங்கமாட்டான்.

"சரி, கேளு" என்று முத்துராமன் எழுந்தார். "இது மெல்லிசு. காத்தாப் பறக்கும், ஆனா முள்ளைப் பாத்தாலே உசுரை விட்டுரும். நடுவுல இருக்குது பாரு, இது தடிச்ச டயரு. உன் பாதைக்கு இதுவும் தாங்காது. முள்ளு கொஞ்சம் யோசிச்சுக் குத்தும், அம்புட்டுத்தான்."

"அது?"

"அது கெட்டி ரப்பர். உள்ள டியூபும் கெடையாது, காத்தும் கெடையாது. முள்ளு என்ன, கடப்பாரையால குத்து, சிரிக்கும். ஆனா ஒண்ணு, ஏறி உக்காந்தா ஒரலுக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கும்."

"மாட்டுங்கண்ணே, ரெண்டுலயும்" என்றான் ஆத்மநாதன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

மறுநாள் காலை அவன் போன போக்கைக் கண்டவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்த நாட்களில் அச்சுக்கூடத்தில் அவன் கோத்துக்கொண்டிருந்தது தூரதேசத்துக் கதை ஒன்று. அதில் இரும்புக் கவசம் பூண்ட வீரன் ஒருவன் அம்பு மழைக்குள் குதிரையை விடுவான். ஆத்மநாதனும் முள் சிதறிக் கிடந்த கண்மாய்க்கரையில் சைக்கிளை நடுப்பாதையிலேயே விட்டான். முட்கள் நொறுங்கிய சத்தம் அவனுக்குச் சங்கீதமாகக் கேட்டது. ஒன்றிரண்டு டயரில் தைத்து, சக்கரத்தோடு சேர்ந்து ஊர்கோலமே வந்தன.

கதவைத் திறந்து, விளக்குமாறு போட்டு, எழுத்துப் பெட்டிகளைத் துடைத்து வைத்தபிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். "மழைதான் வரப்போகுது" என்று வானத்தைப் பார்த்தார், பக்கத்துப் பெட்டியில் எழுத்துக் கோக்கிற கண்ணுசாமி.

ஆனால் வீரனின் கவசத்துக்குள் ஏதோ நடந்துகொண்டிருந்தது. அந்தப் பாதை செம்புறாங்கல் துருத்திக்கொண்ட பாதை. ஒவ்வொரு கல்லும் காற்றில்லாத டயர் வழியாக நேரே கைப்பிடிக்கு வந்து, கைப்பிடியிலிருந்து உள்ளங்கைக்கு ஏறியிருந்தது. விரல்கள் மரத்துக் கிடந்தன. எறும்பு ஊர்வதுபோல இருந்தது. 'போகப் போகச் சரியாகும்' என்று அவன் கையை உதறிக்கொண்டான்.

சரியாகவில்லை. சனிக்கிழமை, திருமயத்துக்குப் பக்கத்து ஊரைச் சேர்ந்த தெய்வானை ஆச்சி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. காலையில் வந்ததும் வராததுமாக, முதல்நாள் கோத்து வைத்த பத்திரிகையை அச்சு மேடைக்கு மாற்றவேண்டியிருந்தது. ஈய எழுத்து வரிகளை இரண்டு பக்கமும் விரலால் நெரித்து, ஒரே கல்லாக எண்ணித் தூக்கவேண்டும். எவ்வளவு நெரிக்கிறோம் என்பதை விரல்தான் சொல்லும். அவன் விரல் அன்று ஒன்றும் சொல்லவில்லை. பாதி தூக்கியபோது நடுவரி நழுவியது. அடுத்த கணம் மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார், பாட்டன், பூட்டன் எல்லாரும் சலசலவென்று தரையில் சிந்திக் கலந்துபோனார்கள்.

பத்திரிகை வாங்கிப்போக வந்திருந்த ஆச்சி வீட்டுக் கணக்கப்பிள்ளை, "அபசகுனமால்ல இருக்கு" என்று முணுமுணுத்தார்.

செட்டியார் சத்தம் போடவில்லை. குனிந்து ஓர் எழுத்தைப் பொறுக்கி ஆத்மநாதன் கையில் வைத்தார். அது அவன் உள்ளங்கையில் கிடந்து ஆடியது.

"இப்ப நேரத்துக்கு வாரே. ஆனா கை வரலையே தம்பி. திங்கக்கிழமை மத்தியானத்துக்குள்ள இது அச்சேறணும். காலையில நீயே திரும்பக் கோத்து நீயே தூக்கு. அன்னிக்கும் கை ஆடிச்சுன்னா ரூமுக்கு வந்துரு. மேல பேச்சு வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை சொர்ணவல்லி அவன் உள்ளங்கையில் நல்லெண்ணெய் தேய்த்தாள். "பழைய டயரையே போட்டா முள்ளு. இதுன்னா கை. நீங்க நடந்தே போயிருங்களேன்" என்றாள்.

"நடந்து போனா விடியுமுன்ன கெளம்பணும். அப்புறம் மாட்டை யாரு ஓட்டுறது?"

"நானே ஓட்டி, நானே மடையும் திருப்புறேன். ரெண்டு பொண்டாட்டி கட்டுன மாதிரி நெனச்சுக்கங்க."

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள்; ஆனால் எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் அவன் எழுந்து சைக்கிளை எடுத்தான்.

முத்துராமன் கடையை அடைத்துவிட்டு உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "என்னப்பா, ஒரலு இடிச்சிருச்சா?" என்று கேட்டபடியே கை கழுவ வந்தார்.

"என் பழைய டியூபு ரெண்டும் இருக்காண்ணே?"

"ஆணியில தொங்குது. ஒட்டுக்கு வெட்டலாம்னு வச்சிருந்தேன்."

ஆத்மநாதன் இரண்டையும் எடுத்துத் தரையில் நீட்டிப் போட்டான். ஒன்று ஒட்டுக்குமேல் ஒட்டாக, பிச்சைக்காரன் போர்வை மாதிரி இருந்தது. மற்றதில் தேடித்தான் ஓர் ஒட்டைக் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது.

"இதுல முன்சக்கரத்து டியூபு எதுண்ணே?"

"சுத்தமா இருக்குறது. முன்சக்கரத்துல என்னிக்கு உனக்குப் பஞ்சர் ஆயிருக்கு? எப்பவும் பின்னாலதானே தைக்கும். முன்சக்கரம் முள்ளைப் புரட்டி நிமுத்தி விட்டுட்டுப் போயிரும். நீ உன் பாரத்தையெல்லாம் பின்னால வச்சு அது மேல ஏறுவே."

ஆத்மநாதன் டியூபைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான், சைக்கிளின் கைப்பிடியைப் பார்த்தான். கைப்பிடி முன்சக்கரத்தோடு சேர்ந்தது. முள் பின்சக்கரத்தைத் தேடி வருகிறது. அப்புறம் என்ன?

"அண்ணே, முன்னால கெட்டி ரப்பரைக் கழட்டிட்டு, அந்தத் தடிச்ச டயரை டியூபு வச்சு மாட்டுங்க. பின்னால கெட்டி ரப்பர் அப்படியே இருக்கட்டும்."

முத்துராமன் ஈரக்கையோடு அவனையே பார்த்தார். "ஒரே நுகத்துல ஒரு பக்கம் காளை, ஒரு பக்கம் எருமையா? என் கடையில மாட்டுனதுன்னு வெளியில சொல்லிராதே. ஆமா, பின்னால இருந்து வர்ற இடி எங்க போகும்?"

"உக்கார்ற எடத்துக்கு."

"வலிக்காதா?"

"வலிக்கட்டுமே. அதாலயா நான் எழுத்துக் கோக்குறேன்?"

முத்துராமனுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. சிரித்துக்கொண்டேதான் திருகுசாவியை எடுத்தார்.

திங்கட்கிழமை காலை கண்மாய்க்கரையில் ஒரு முள் வண்டி அவனுக்கு முன்பே போயிருந்தது. பாதை முழுக்கப் பச்சை முள். சுற்றிப்போக வழியில்லை. ஆத்மநாதன் கைப்பிடியை லேசாகப் பிடித்து, பாரத்தையெல்லாம் பின்னால் சாய்த்து, கரையில் ஏற்றினான். முன்சக்கரம் மிதந்தாற்போல் போயிற்று. பின்சக்கரம் நறநறவென்று மென்றுகொண்டே வந்தது. ஒவ்வொரு கல்லும் இடுப்பில் வந்து கணக்குக் கேட்டது. கேட்கட்டும் என்று விட்டான். கரை இறங்கியதும் முன்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். கல்மாதிரி காற்று.

கதவு திறந்தது, ஆட்கள் வந்தார்கள், செட்டியாரும் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்து நாற்காலியை அவன் பெட்டிக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆத்மநாதன் கோத்தான். பாட்டன், பூட்டன், மாப்பிள்ளை, மணப்பெண் என்று எல்லாரும் அவரவர் இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பிறகு வரிகளைப் பக்கத்துக்கு ஒரு கையாக நெரித்தான். ஈயத்தின் குளிர்ச்சி விரல் நுனியில் தெளிவாகத் தெரிந்தது. தூக்கினான். கண்ணுசாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அச்சு மேடையில் பத்திரிகை ஒரே கல்லாக உட்கார்ந்தது.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது ஆத்மநாதன் மட்டும் தூக்குச்சட்டியைக் கையில் பிடித்து நின்றுகொண்டே சாப்பிட்டான்.

"ஏன்டா, உக்காரேன்" என்றார் கண்ணுசாமி.

"நிக்கிறதே சௌரியமா இருக்கு."

மை ஈரம் காயாத பத்திரிகை ஒன்றைக் கையில் பிடித்தபடி செட்டியார் வந்தார். அதை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு வெளியே சுவரில் சாத்தியிருந்த சைக்கிளைப் பார்த்தார், முன்னால் ஒரு சாதி டயர், பின்னால் ஒரு சாதி டயர்.

"இதென்னப்பா வண்டி?"

"எனக்குத் தோதான வண்டிங்க."

"அந்த ரூமுக்காரன் சாயந்தரம் வந்து கேப்பான். என்ன சொல்ல?"

"வேற ஆள் பாத்துக்கச் சொல்லிருங்க" என்றான் ஆத்மநாதன், வாயில் சோற்றோடு.

செட்டியார் தலையை ஆட்டிக்கொண்டே போனார். சாயந்தரம் ஆத்மநாதன் சைக்கிளில் ஏறும்போது மெல்லத்தான் உட்கார்ந்தான். வல்லத்திராக்கோட்டைப் பாதை திரும்பியதும், உட்காருவதையே விட்டுவிட்டு, எழுந்து நின்று மிதித்தான்.