மஞ்சணி ஆற்றுக்குச் சொன்னது யார்?

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க, சத்தம் போட்டுச் சொல்லுகிற கதை இல்லை இது. வேங்கரை நாட்டைப் பற்றி வெப்சைட்டில் புதுக் கட்டுரை வந்தால், அந்த நாட்டு ஆட்கள் பஸ் ஏறிக் கோவில்பட்டிக்கு வந்துவிடுவார்கள்.

வேங்கரை என்பது ஒரு விளையாட்டுக்காக உண்டாக்கின நாடு. ஆளுக்கொரு வேஷத்தை எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, ராட்சசனோடு மல்லுக்கட்டி, புதையல் தேடி ஆடுகிற ஆட்டம். அந்த நாட்டில் மலை எங்கே இருக்கிறது, ராஜா யார், ஜனங்கள் என்ன குழம்பு வைக்கிறார்கள் என்பதையெல்லாம் எங்கேயோ ஒரு குளிர் ஊரில் உட்கார்ந்து எழுதி வெப்சைட்டில் போடுவார்கள். போட்ட உடனே அது கெட்டிப்பட்டுவிடாது. பூசின சிமெண்டு மாதிரி ஈரமாகவே கிடக்கும். ரசிகர்கள் கூடிப் பேசி, எல்லோரும் "சரிதான்" என்று சொன்ன பிறகுதான் காயும். மற்ற ஊர் ரசிகர்கள் வாசித்துவிட்டு வேறு சோலியைப் பார்க்கப் போய்விடுவார்கள். உட்கார்ந்து பேசுகிறவர்கள் கோவில்பட்டியில் மட்டும்தான்.

டயர் கடை தாவீது அண்ணாச்சிக்குக் கடை மேலேயே மாடி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டம் அங்கேதான். செல்போன் ரிப்பேர் பார்க்கிற ஹமீது வருவான். பால்வாடி டீச்சர் சந்தனமாரி வருவாள். அவ்வளவு பேர்தான்.

அன்றைக்கு வந்திருந்த கட்டுரை "வேங்கரையின் நதிகள்". மூன்று பேரும் போனைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரும்போதே ஒருத்தர் படியேறி வந்தார். தோளில் துடுப்பு. அதற்குக் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டிருந்தார். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். சந்தனமாரி துண்டு எதுவும் கொடுக்கவில்லை. வேங்கரைப் படகோட்டி நனைந்திருப்பதுதான் முறை.

"எம் பேரு கூவரன். மஞ்சணி ஆத்துல ஓடம் விடுதேன். முந்நூறு வருசத்துக்கு முன்னாலயே ஆறு வத்திட்டுதுன்னு போட்டிருக்காங்களாமே?"

"போட்டிருக்கு," என்றார் அண்ணாச்சி.

"எம் பொண்டாட்டி பூங்கிளி பிரசவத்துக்கு அக்கரையில அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. ஆறு இல்லன்னா அக்கரை ஏது? அக்கரை இல்லன்னா அவ எங்க இருப்பா?"

நியாயமான கேள்வி. மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள். ஆனால் சும்மா "முடியாது" என்று மறுத்தால் செல்லாது. பழைய கட்டுரை ஏதாவது ஒன்றைக் காட்டித்தான் மறுக்க வேண்டும்.

"பாவந்தான்," என்றார் அண்ணாச்சி. "அதுக்காக எழுதினதை மாத்த முடியுமா? சரிதான்."

கூவரனின் வேட்டி இஸ்திரி போட்ட மாதிரி மொடமொடவென்று காய்ந்தது.

சந்தனமாரி சேரை முன்னால் இழுத்துப் போட்டாள். "இருங்க அண்ணாச்சி. சமையல் கட்டுரையில மஞ்சணிக் கெண்டைக் குழம்பு வருதே. ஆறு இல்லாம கெண்டை எங்கேருந்து வந்துச்சு? பறந்தா வந்துச்சு?"

"ஆமா, பறந்துதான். மந்திர ஜந்துக்கள் கட்டுரையில சிறகுக் கெண்டைன்னு இருக்கு, பாரு."

ஹமீது தேடிப் பார்த்தான். "இருக்குக்கா. படமே போட்டிருக்கு."

"ஏல, நீ யாரு கட்சி?"

"நான் கட்டுரை கட்சிக்கா," என்றவன் படகோட்டியைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "சரிதான்."

சட்டை காய்ந்தது. கூவரன் நெற்றியைத் தேய்த்தார். "அக்கரையில எனக்கு ஒருத்தி இருந்தா... பேரு நாக்கு நுனியில நிக்கி." பிறகு துடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னத்துக்கு, அடுப்புக்கா?"

தலைமுடியில் மட்டும்தான் ஈரம் மிச்சம். தெருக்குழாயில் தண்ணீர் வந்து பத்து நாளாகியிருந்தது; ஜன்னல் வழியாகக் கரிசல்காட்டு வெக்கைதான் உள்ளே வந்துகொண்டிருந்தது. சந்தனமாரி "சரிதான்" சொன்னால் முடிந்தது கதை. சொல்லாமல் இழுத்துக்கொண்டே போனாலும் அந்த முடி தானாகக் காய்ந்துவிடும். அவள் போனில் விரலால் விறுவிறுவென்று தள்ளிக்கொண்டே போனாள். கல்யாணச் சீர் கட்டுரை, கோட்டைகள் கட்டுரை, பூதங்களின் வம்சாவளி. ஒன்றும் தோது இல்லை. பிறகு சட்டங்கள் கட்டுரையில் விரல் நின்றது.

"நானும் ஒத்துக்கிடுதேன் அண்ணாச்சி. ஆறு வத்தியாச்சு. ஆனா அதை ஆத்துக்கிட்ட சொன்னது யாரு?"

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார்.

"வேங்கரையில எந்த உத்தரவா இருந்தாலும், சம்பந்தப்பட்டவங்க காதுல விழுற மாதிரி முரசடிச்சுச் சொல்லணும். சொல்லாத உத்தரவு செல்லாது. இந்தா, வாசிச்சுப் பாருங்க."

"முரசுக்காரனை அனுப்பியிருப்பாங்கம்மா."

"அனுப்பியிருப்பாங்க. ஆத்துக்குக் காது எங்க இருக்கு? நட்ட நடுவுல. அங்க போக ஓடம் வேணும்." அவள் படகோட்டி பக்கம் திரும்பினாள். "கூவரண்ணே, உங்க துறையில முரசோட யாராச்சும் நிக்காங்களா?"

கூவரன் யோசித்தார். முடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. "நிக்காரு. எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்துலேருந்து நிக்காரு. முரசை ஏத்துனா ஓடத்துல இருக்க ஆடு மிரளும்னு நாங்க யாரும் ஏத்துறதில்ல."

"பெறவென்ன. வத்தி முந்நூறு வருசம் ஆச்சு, ஆத்துக்குத் தெரியாது. தெரியாததால ஓடிக்கிட்டிருக்கு. கட்டுரையும் நிக்கி, ஆறும் நிக்கி."

அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சட்டங்கள் கட்டுரையை ஒருமுறை வாசித்தார். குறை சொல்ல இடம் இல்லை.

"சரிதான்," என்றார்.

"சரிதான்க்கா!" என்றான் ஹமீது, கேட்பதற்கு முன்பே.

"சரிதான்," என்றாள் சந்தனமாரி.

கூவரன் மறுபடியும் சொட்டச் சொட்ட நனைந்தார். "பூங்கிளி!" என்று அழுதார். அழுகிற தண்ணீர் எது, ஆற்றுத் தண்ணீர் எது என்று தெரியவில்லை.

அப்போது படியில் சலசலவென்று சத்தம். மஞ்சணி ஆறு ஏறி வந்தது. ஓடக்காரரை நேரமாகியும் காணோமே என்று அடுத்த பஸ்ஸில் தேடி வந்திருந்தது. பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, நுரையை ஓரமாக ஒதுக்கிவிட்டுக்கொண்டது. சேருக்கடியில் இரண்டு கெண்டை துள்ளின.

"என்னைப் பத்தி என்னமோ போட்டிருக்காங்களாமே," என்றது ஆறு. "என்னதுன்னு ஆராச்சும் வாசிச்சுச் சொல்லுங்களேன்."

ஹமீது போனைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். கூவரன் துடுப்பை இறுக்கிப் பிடித்தார். தாவீது அண்ணாச்சி பொய் பேசமாட்டார். கேட்டால் சொல்லிவிடுகிற மனுஷர். தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தார்.

"தாயி," என்று முந்திக்கொண்டாள் சந்தனமாரி, "நீங்க இங்கயா இருக்கீங்க? கடலம்மா உங்களை எங்கெல்லாம் தேடுதாங்க தெரியுமா? ஒரு வாய் தண்ணி இல்லாம வாசலையே பாத்துக்கிட்டிருக்காங்களாம்."

"அய்யோ, பேச்சுல நேரம் போனது தெரியலியே," என்று ஆறு பதறி எழுந்தது. எழுந்த வேகத்தில் படியிறங்கி ஓட ஆரம்பித்தது. கூவரன் மூலையில் கிடந்த லாரி டியூப் ஒன்றைப் போட்டு, அதில் ஏறி உட்கார்ந்து துடுப்பு வலித்தார்.

"டியூபை அடுத்த வாரம் கொண்டாந்துரும்!" என்றார் அண்ணாச்சி.

ஆறு இறங்கி முடிப்பதற்குள், சந்தனமாரி கைப்பிடிச் சுவரோரமாகவே முந்தி ஓடி, கடை வாசலில் காலியாகக் கிடந்த குடத்தை எடுத்துக் கடைசிப் படிக்குக் கீழே வைத்தாள்.