இரண்டாவது பிக்கப்

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கட்டிப்போன சேலையைக்கூட மாற்றாமல் அனிதா மேரி இரண்டாவது பிக்கப்பைக் கிதாரில் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். ஈயம் உருகி ஒரு சொட்டாக மினுங்கி, பிறகு மங்கி இறுகியது. புகை கண்ணில் படாமல் முகத்தைத் திருப்பி ஊதினாள். கொட்டகையின் மறுகோடியில் அவள் கணவன் இனியன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, காலையில் முதல் பிக்கப்பில் அவள் வாசித்ததைச் சேமித்துக்கொண்டிருந்தான்.

ஒருகாலத்தில் திராட்சை அடுக்கிய கொட்டகை அது. மாமனார் சீனிச்சாமி கொடிகளை வெட்டி வாழைக்கு மாறிய பிறகு சும்மாதான் கிடந்தது. இவர்கள் இருவரும் அதன் தகரக் கூரைக்கடியில் தெர்மாகோல் ஒட்டி, சுவரெல்லாம் சாக்கும் முட்டை அட்டையும் அடித்து, உள்ளே டிரம்ஸையும் ஆம்ப்ளிஃபையரையும் கொண்டுவந்து போட்டார்கள். அவன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு டிரம்ஸ் தட்டுவான், அவள் எதையும் வைக்காமல் பக்கத்தில் நின்று கிதார் வாசிப்பாள். கல்லூரியில் ஒரே மேடையில் வாசிக்கப்போய்ப் பழகி, இரண்டு வீட்டையும் பகைத்துக் கட்டிக்கொண்டவர்கள். பிள்ளை இல்லை. வாரநாட்களில் அவள் உத்தமபாளையத்தில் ஒரு பள்ளியில் கணக்கு நடத்துவாள். அவன் கம்பத்தில் மைக்செட் வாடகைக்கு விடுவான். வீட்டில் பெரியவர்கள் முன்னால் அவனை 'அவுக' என்பாள். கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டால் 'நீ' ஆகிவிடும்.

கிதாரின் கம்பிகளுக்குக் கீழே சோப்புக்கட்டி அளவில் பதிந்திருக்கும் காந்தப் பெட்டிதான் பிக்கப். உள்ளே முடியைவிட மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கில் சுற்றியிருக்கும். மேலே கம்பி அதிர்ந்தால் அந்த அதிர்வை மின்சாரமாக்கி ஆம்ப்புக்கு அனுப்பும். சுற்றையும் காந்தத்தையும் கூட்டக் கூட்ட ஆம்ப் திணறி உறுமத் தொடங்கும். இவர்களைப்போல மெட்டல் இசை வாசிப்பவர்களுக்கு அந்த உறுமல்தான் வேண்டும். ஆனால் உறுமலிலும் ரகம் உண்டு. ஒன்று சேற்றுக்குள் நடப்பதுபோலத் தொளதொளக்கும். இன்னொன்றில் எத்தனை வேகமாக வாசித்தாலும் ஒவ்வொரு அடியும் அரிவாள் விழுந்த மாதிரி தனித்தனியாக நிற்கும். அந்த வித்தியாசத்தைப் பிரித்துச் சொல்வதில் மேரிக்குப் பெயர் இருந்தது. பிக்கப்புகளை ஒப்பிட்டு அவள் போடும் வீடியோக்களைச் சென்னையிலும் பெங்களூரிலும் பார்த்தார்கள். எது வாங்கலாம் என்று அவளைக் கேட்டுத்தான் வாங்கினார்கள். இந்த இரண்டையும் கொச்சியிலிருந்து ஒரு கடைக்காரர் அனுப்பியிருந்தார். ஒன்று ஆல்நிக்கோ காந்தம், மற்றது செராமிக். இரண்டுமே உறுமல் கூடியவை.

அவளுக்கும் சொந்தத்தில் ஒரு தேவை இருந்தது. பழைய பிக்கப் செத்துவிட்டது என்று கொஞ்ச காலமாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒலியில் விளிம்பு இல்லை, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. ஆம்ப்பில் கீச்சொலியைக் கூட்டும் டிரெபிள் குமிழை மாதத்துக்கு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, இப்போது அதற்குமேல் திரும்ப இடமில்லை. மாதா கோயிலில் பாடற்குழுவுக்கு வாசிக்கும்போதுகூட முன்வரிசையில் யாராவது முகத்தைச் சுளித்தார்கள். அவர்களுக்கு எலக்ட்ரிக் கிதார் என்றாலே ஆகாது என்று விட்டுவிட்டாள்.

இரண்டாவது பிக்கப்பிலும் அதே வாசிப்பை, அதே வேகத்தில், ஆம்ப்பில் எதையும் தொடாமல் வாசித்து முடித்தாள். பிறகு வழக்கப்படி ஸ்பீக்கர்களுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எதை ஓட்டுகிறான் என்று இனியன் சொல்லக் கூடாது. அவள்தான் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆன புதிதிலிருந்து அவர்களுக்குள் இது ஒரு விளையாட்டு. அவள் தோற்றதே இல்லை.

அவன் ஒன்றை ஓட்டினான். கொட்டகையே அதிர்ந்தது. நிறுத்தி அடுத்ததை ஓட்டினான். அவள் காத்திருந்தாள், எங்காவது ஒரு இடத்தில் பிரியும் என்று. பிரியவில்லை.

"திரும்பப் போடு."

திரும்பப் போட்டான்.

"ரெண்டும் ஒண்ணாத்தான இருக்கு. ஒரே ஃபைலையே ரெண்டு தடவ ஓட்டுறியா?"

கொஞ்சம் தாமதித்து, "ஆமா. சும்மா ஒன்னயச் சோதிச்சேன்," என்றான் இனியன்.

அவளுக்கு ஒரு நொடி பெருமையாக இருந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் திறந்தாள். வாசலில் மாமியார் பிச்சையம்மாள் தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ. சேலைத் தலைப்பைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

"ஏத்தா மேரி, அந்த மொத வந்ததயே வச்சுக்கிருங்க. அதாச்சும் பன்னி உறுமுனாப்ல இருந்துச்சு. ரெண்டாவது தகரத்த அரத்தால ராவுறாப்ல இருக்கு, பல்லு கூசுது," என்றாள் பிச்சையம்மாள்.

"ரெண்டும் ஒண்ணுதான் அத்த."

"ஒண்ணா? அங்கன களத்துல நிக்கிறவுகளுக்கே வேற வேறயாக் கேக்குது, நீ ஒண்ணுங்குற." தூக்குவாளியை மேசையில் வைத்தாள். "கொழம்பு ஆறிரும். சாப்பிட்டுட்டு இழுங்க."

அவள் போய்விட்டாள். மேரி இனியனைப் பார்த்தாள். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய பின்கழுத்து மட்டும் சிவந்திருந்தது.

"இனியா. ஒரே ஃபைலா?"

அவன் மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"எப்ப இருந்து தெரியும்?"

"போன வருசம் மதுரைக்கு வாசிக்கப் போனமே, அப்பயிருந்து," என்றான். "முன்னாடி நின்னவுகெல்லாம் காதப் பொத்திக்கிட்டாக. நீ கண்ண மூடி வாசிச்சிட்டு இருந்த. நாந்தேன் மைக்செட்காரர்ட்ட சைகை காட்டி ஒன் டிரெபிளக் கொறைக்கச் சொன்னேன். அதுக்கப்புறம் நம்ம ரெக்கார்டிங் எல்லாத்துலயும் நானே கொறச்சுட்டேன்."

"ஏன் சொல்லல?"

"எப்பிடிச் சொல்றது மேரி."

அவன் குரல் உடைந்தது. வேறு நேரமாயிருந்தால் அவள் இரங்கியிருப்பாள். ஆனால் கணக்கு டீச்சரின் மனசு அதற்குள் அடுத்த வரிக்குப் போய்விட்டது. மதுரைக்குப் பிறகு மூன்று ஒப்பீட்டு வீடியோக்கள் போட்டிருக்கிறாள். மூன்றிலும் இந்த ஒலி இருண்டது, இது கூர்மையானது என்று அடித்துச் சொல்லியிருக்கிறாள். ஒருவர்கூடத் தப்பு என்று எழுதவில்லை.

"அப்ப அந்த வீடியோவெல்லாம்?"

"நீ தப்பாச் சொன்ன எடத்துல…" அவன் கைகளைத் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டான். "நீ சொன்னதுக்கு ஏத்தாப்ல சவுண்ட மாத்தி வச்சேன்."

அவள் எழுந்து நின்றாள். எங்கே போவது என்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தாள். திருச்சியிலிருந்து ஒருவன் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. நீங்கள் சொன்ன பிக்கப்பைத்தான் வாங்கிப் போட்டேன், உங்கள் வீடியோவில் கேட்கும் அந்த வெட்டு என் கிதாரில் வரவில்லை, நான் எங்கே தப்புச் செய்கிறேன் என்று கேட்டிருந்தான். கோளாறு உங்கள் வலதுகையில்தான், இன்னும் பயிற்சி எடுங்கள் என்று இவள் பதில் போட்டிருந்தாள். அவன் நன்றி சொல்லியிருந்தான்.

குழம்பை யாரும் தொடவில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் பள்ளிக்குப் போனாள், வந்தாள். கொட்டகைக் கதவைத் திறக்கவில்லை. அவனும் பேச்சை எடுக்கவில்லை. வகுப்பில் பிள்ளைகள் பேசும்போது அவள் அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பதை அவளே கவனித்தாள். இது எத்தனை நாள் பழக்கம் என்று தெரியவில்லை. பின்பெஞ்சுப் பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள் என்று எத்தனை தடவை சத்தம் போட்டிருக்கிறாள். அவர்கள் ஒழுங்காகத்தான் பேசியிருப்பார்கள்.

சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறித் தேனிக்குப் போனார்கள். காது டாக்டர் அவளை ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். கனமான ஒலிகளுக்கு உடனுக்குடன் அழுத்தினாள். பிறகு நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டதோ என்று கண்ணாடி வழியே பார்த்தாள். டாக்டரின் விரல் அசைந்துகொண்டுதான் இருந்தது. அவருக்குப் பின்னால் இனியன் தலையைக் குனிந்து நின்றான்.

"காதுல ரீங்காரம் இருக்காம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"அது எல்லாருக்கும் இருக்குறதுதான சார். பூச்சிச் சத்தம் மாதிரி."

"எல்லாருக்கும் இல்லம்மா."

தோட்டத்துக்குள் குடியிருப்பதால் சில்வண்டு என்று நினைத்திருந்தாள். மழைக்காலத்திலும், அடைத்த அறைக்குள்ளும், ஆற்றுப்பாலத்தின் மேலேயும் கத்திய சில்வண்டு.

அடைத்த தகரக் கொட்டகைக்குள் இத்தனை வருடம் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்றது நரம்பைத் தின்றுவிட்டது என்றார் டாக்டர். இரண்டு காதிலும். போனது திரும்பாது. பேச்சுக்குக் காதில் மாட்டும் மெஷின் உதவும், இசைக்குப் பழையபடி இருக்காது. மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டுமானால் சத்தத்தை விட்டு விலக வேண்டும். எல்லாவற்றையும் அவளைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து, மெதுவாகச் சொன்னார். அந்த நிதானத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திரும்பும் பஸ்ஸில் இனியன் அவள் கையைப் பிடித்தான். அவள் கையை விலக்கிக்கொள்ளவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

வீரபாண்டி தாண்டும்போது கொச்சிக் கடைக்காரர் போன் பண்ணினார். வீடியோ எப்போது வரும் என்று கேட்டார். அவள் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னாள். தன் காது போய்விட்டது, முந்தைய மூன்றும் சரியில்லை, பிக்கப்புகளைத் திருப்பி அனுப்புகிறேன் என்றாள். அவர் கொஞ்சநேரம் உச்சுக்கொட்டினார்.

"சாரமில்ல சேச்சி, பரவாயில்ல," என்றார் பிறகு. "யாருக்குத் தெரியும்? முன்ன செஞ்ச மாதிரியே செஞ்சு போடுங்க. ஆளுங்களுக்கு உங்க பேர் போதும்."

மனிதர் அன்பாகத்தான் சொன்னார். அவள் போனை மடியில் கவிழ்த்துவைத்தாள். அப்படியானால் தான் கேட்டதும் கேட்காததும் ஒன்றுதான், யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே வாழைத் தோட்டங்கள் வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. கிழிந்த இலைகள் காற்றில் அடித்துக்கொண்டன. அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

மறுநாள் அவள் பூசைக்குப் போகவில்லை. கொட்டகைக்குப் போய்க் கிதாரை மேசையில் கிடத்தி, கம்பிகளைத் தளர்த்தி, ஈயத்தை உருக்கி, பிக்கப்பைக் கழற்றினாள். இரண்டையும் அதனதன் பெட்டியில் வைத்து ஒட்டினாள். இனியன் கதவருகே நின்றான். உள்ளே வரலாமா என்று கேட்பவன்போல நின்றான்.

"ஒக்காரு," என்றாள்.

"எங்கன?"

"ஒன் எடத்துலதான். ஒக்காந்து சிம்பல ஒரு தட்டுத் தட்டு."

"வேணாம் மேரி. டாக்டரு என்ன சொன்னாரு."

"ஒரு தட்டுத்தேன். மெல்லத் தட்டு. அப்புறம் கையால பிடிச்சு நிறுத்தாத."

அவன் டிரம்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து குச்சியை எடுத்தான். பெரிய சிம்பலின் ஓரத்தில் லேசாகத் தட்டினான். அவளுக்கு 'டொக்' என்று கட்டையில் தட்டிய மாதிரி ஒன்று கேட்டு, உடனே அணைந்தது. பிறகு சில்வண்டு மட்டும். ஆனால் பித்தளைத் தட்டு ஆடிக்கொண்டிருந்தது. கதவு வழியாக வந்த வெயில் அதன் விளிம்பில் ஏறி இறங்கியது. அவள் தட்டிலிருந்து கண்ணை எடுத்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தலையைச் சற்றே சாய்த்து, அவள் சொன்னபடி கையை எடுத்து வைத்துக்கொண்டு, இன்னும் கேட்டுக்கொண்டிருந்தான்.