சரோஜா வீட்டில் தங்கிய வெயில்

திருவண்ணாமலை தனி மாவட்டமான 1989ஆம் வருஷம், தீபாவளி கழித்துப் புறப்பட வேண்டிய வெயில் ஒன்று, கோயிலின் பே கோபுரத்துப் பக்கத்துச் சந்தில் சரோஜா வீட்டுப் பின்வாசலிலேயே தங்கிவிட்டது. அதற்கு முன்னால் ஒரு வாரம் அது ஊருக்கே பொதுவாகத்தான் இருந்தது. ஐப்பசி மழை திடீரென்று விட்டுப்போக, பங்குனி மாசம்போல வெயில் காய்ந்தது. ஊர் சனம் கம்பளியையும் தலையணையையும் வெளியே இழுத்துப்போட்டு, கிடைத்தவரை லாபம் என்று வெயிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்தது. சரோஜாவின் புருஷன் பரசுராமன் சன்னதித் தெருவில் ஒரு லாட்ஜில் வெந்நீர் போடுகிறவன். கார்த்திகை பிறந்து, மாலை போட்ட சாமிமார்கள் வண்டி வண்டியாக வந்து இறங்க ஆரம்பித்தால், தை வரைக்கும் அவன் அண்டாவுக்கு அடியில் நெருப்பு அணையாது. ஆகவே அந்த ஒரு வாரம்தான் அவர்களுக்குச் சொந்தமான வாரம். பின்வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, அவித்த வேர்க்கடலையை நடுவில் வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒரு வேலையும் செய்யாமல் கிடந்தார்கள். வார முடிவில் சாயங்காலமாக மேகம் திரண்டது. துவைக்கிற கல்லின் மேல் இருந்த வெயில் மெல்ல எழுந்து சுவரேறப் பார்த்தது. தன் வீட்டில் யார் எழுந்தாலும் சொல்கிற வழக்கத்தில் சரோஜா, “அதுக்குள்ள இன்னா அவசரம்? இருந்து நாலு நாள் கழிச்சுப் போறது” என்றாள். பரசுராமன் கடலைத் தோல் புரையேறச் சிரித்தான். வெயில் சிரிக்கவில்லை. இறங்கி வந்து மறுபடியும் கல்லின் மேல் உட்கார்ந்தது.

அன்றைக்கு ராத்திரி பிடித்த மழை சுவருக்கு அந்தப் பக்கம் வெளுத்து வாங்கியது. இந்தப் பக்கம் ஒரு சொட்டு இல்லை.

பரசுராமனுக்கு இதில் வேடிக்கையைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. சரோஜாவுக்கு இழுப்பு. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் அவள் தலையணைகளை அடுக்கி, அதில் சாய்ந்து, உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற சத்தம் வாசல்வரைக்கும் கேட்கும். ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் வாளி வாளியாக வெந்நீர் சுமக்கிறவனுடைய பெண்டாட்டி வீட்டில் குளிரில் மூச்சுக்குத் திண்டாடுகிறாளே என்று அவன் அடுப்பங்கரையில் தனியாக அழுததும் உண்டு. அந்த வருஷம் இழுப்பு வரவில்லை. மார்கழியில் சரோஜா குப்புறப் படுத்துத் தூங்குவதை முதல்தடவை பார்த்தபோது அவன் பின்வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான்.

தைப்பொங்கல் ஆனதும் வெயில் போனது, அடுத்த தீபாவளி கழித்து வந்தது. எட்டு வருஷம் தவறாமல் இப்படியே நடந்தது. நான்கு கட்டில் போடுகிற அளவுதான் இருக்கும் அது. ராத்திரியில் வெளிச்சத்தைச் சுருட்டி வைத்துவிட்டு வெதுவெதுப்பை மட்டும் விட்டுவைக்கும். சந்துக்காரர்கள் முதல் மாசம் வியந்தார்கள், இரண்டாம் மாசம் ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் மோர்மிளகாய் போட்டாள். மஞ்சள் காமாலையோடு பிறந்த குழந்தைகளைக் காலையில் ஒரு நாழி கிடத்தி எடுத்துப்போனார்கள். ஈரமில்லாத விறகு வேண்டுமென்று லாட்ஜுக்காரரே ஆள் அனுப்பினார். சரோஜா யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கெடுத்தது பரசுராமன்தான். 1997 மார்கழி. அந்த வருஷம் மழையும் ஜாஸ்தி, கூட்டமும் ஜாஸ்தி. ராத்திரி முழுக்க அண்டாவுக்கு முன்னால் நின்று முகம் வெந்துபோய், கண்ணெல்லாம் புகையாக வீட்டுக்கு வந்து பின்வாசல் கட்டிலில் படுத்தான். வெயில் பாசத்தோடு அவன் காலடியில் வந்து உட்கார்ந்தது. புரண்டு படுத்தான், அதுவும் புரண்டு வந்தது. அவனுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கோபம். “அங்கயும் அடுப்பு, இங்கயும் அடுப்பா? நீ எப்பதான் கிளம்புவே?” என்று கேட்டுவிட்டான்.

வீட்டுக்கு வந்தவர்களிடம் கேட்கக் கூடாத கேள்வி அது ஒன்றுதான். அந்தச் சந்தில் கடன்காரனிடம்கூட அப்படி யாரும் கேட்டதில்லை. வெயில் எழுந்து, சுவரேறி, திரும்பிப் பார்க்காமல் போனது. அடுத்த நிமிஷமே பின்வாசலில் மழை பெய்தது. வெள்ளையம்மாளின் மோர்மிளகாய் மிதந்தது.

மூன்றாம் நாள் சரோஜாவுக்கு இழுப்பு வந்தது, எட்டு வருஷத்துப் பாக்கியையும் சேர்த்துக்கொண்டு. ஊசி போட்டார்கள், மருந்தை ஊதச் சொன்னார்கள். டாக்டர் பரசுராமனை வெளியே கூப்பிட்டு, இந்தக் குளிரை இவங்க தாண்டினா பெரிய விஷயம் என்றார். சரோஜா அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல மூச்சு இல்லை. அதுதான் அவனைக் கொன்றது. லாட்ஜில் லீவு சொல்லிவிட்டு வந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

பௌர்ணமிக்கு மலை சுற்றிவிட்டு வந்த வெள்ளையம்மாள் கால்கூடக் கழுவாமல் ஓடிவந்தாள். “அண்ணே, அடி அண்ணாமலையில வேடியப்பன்னு ஒருத்தர் களத்துல வெயில் அடிக்குது. நான் கிட்ட போய் நின்னு பாத்தேன். என் மோர்மிளகா வாசனை அதுமேல இன்னும் இருக்குது. நம்ம வூட்டதுதான்.”

பரசுராமன் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம் வைத்து எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனான். சுற்றிலும் தூறல். களத்தில் மட்டும் நனைந்த கடலை மொறமொறவென்று காய்ந்துகொண்டிருந்தது. வெயிலுக்கு முன்னால் தட்டை நீட்டி, வூட்டுக்கு வா என்று கூப்பிட்டான். அது கொஞ்சம் நகர்ந்து கடலைக் குவியலுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. களத்துக்காரர் வேடியப்பனுக்கு அதை விட மனசில்லைதான். இருந்தாலும் நியாயம் தெரிந்த மனுஷன். “முறைச்சுக்கிட்டு வந்தவங்களை ஒத்த ஆளா வந்து கூப்ட்டா எப்படிப்பா வருவாங்க? புருஷனும் பொண்டாட்டியும் ஜோடியா வந்து அழைங்க. அதுதானே முறை” என்றார்.

முறைதான். ஆனால் சரோஜாவைக் கட்டிலிலிருந்து இறக்கினாலே உதடு நீலம் பாரிக்கிறது. அவளை ஈரக்காற்றில் மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோவது அவளைக் கொல்வதற்குச் சமம், கொண்டுபோகாவிட்டாலும் அதேதான். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கையை நீட்டி, கொடியில் கிடந்த நல்ல புடவையைக் காட்டினாள். அழைக்கப் போகும்போது பழைய புடவையில் போக முடியாதாம்.

ஆட்டோவில் இரண்டு பக்கமும் கோணியைக் கட்டி, சரோஜாவைக் கம்பளியில் சுற்றி, குழந்தையைப் போல மடியில் சாய்த்துக்கொண்டு போனான். வழியில் இரண்டு தடவை மூச்சு நின்று நின்று வந்தது. வண்டியைத் திருப்பிடட்டுமா என்று ஓட்டுகிறவன் கேட்டான். சரோஜா தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. களத்தில் இறங்கி நான்கு எட்டு வைப்பதற்குள் அவள் முழுபாரமும் அவன் தோளில்தான் இருந்தது. தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். அவள் பக்கம் தட்டு தாழ்ந்து வெற்றிலை சரிந்தது. அழைக்க வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. பரசுராமன்தான் பேசினான்.

“நான் கேட்டது தப்பு. அலுப்புல கேட்டுட்டேன். உனக்காகன்னு நான் வரலை, பொய் சொல்ல மாட்டேன். இவளுக்காகத்தான் வந்தேன். இவ இல்லன்னா எனக்கு வூடே கிடையாது. அப்புறம் நீ எங்க வந்து தங்குவே?”

வேடியப்பன் அந்தப் பக்கம் திரும்பித் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். வெயில் கடலைக் குவியலுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. பிறகு கடலையை விட்டு எழுந்து, அவர்கள் பின்னாலேயே களத்தைத் தாண்டி, ஆட்டோவில் ஏறி சரோஜாவின் மடியில் உட்கார்ந்தது. ஓட்டுகிறவன் பின்னால் ஒருதரம் பார்த்தான். மூணு பேரா என்று மட்டும் கேட்டுவிட்டு, கோணியை அவிழ்த்துச் சுருட்டி வைத்தான்.

மலை சுற்றும் பாதையில் வாயு லிங்கம் வரைக்கும் ஒன்றுமில்லை. அதைத் தாண்டியதும் சரோஜா கம்பளியைத் தள்ளினாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். நெஞ்சுக்குள் சத்தம் அடங்கியிருந்தது. ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள், அது தடையில்லாமல் உள்ளே போய் வெளியே வந்தது. பிறகு ஆரம்பித்தாள். வந்தவங்களை எப்ப கிளம்புவேன்னு கேக்குற ஆளு உலகத்துல உண்டா, இன்னா வளர்ப்பு இது, அடுப்படியிலயே கிடந்து புத்தியும் வெந்துபோச்சா, அந்த வெள்ளையம்மா மொளகாய்க்கு யாரு பதில் சொல்றது, நானா இருக்கங்காட்டி உன்கூட குப்பை கொட்டினேன் என்று ஆரம்பித்தவள், குபேர லிங்கத்தில் அவன் அம்மாவைப் பிடித்தாள், ஊருக்குள் நுழையும்போது அவன் பெரியப்பா பிள்ளைகள் வரைக்கும் வந்துவிட்டாள்.  பே கோபுரத்தில் வண்டி நிற்கப் போனபோது, பரசுராமன் ஓட்டுகிறவனின் தோளைத் தட்டி, “இன்னொரு சுத்து போ தம்பி, அவ இன்னும் முடிக்கலை” என்றான்.