தாய்லாந்து நிலவரம்

அன்புச்செல்வனின் மூன்று ஏக்கர் மரவள்ளிக்குப் பத்து மாதம் முடிந்து பதினொன்று நடந்துகொண்டிருந்தது. பத்தில் பிடுங்கலாம், பன்னிரண்டு வரை மண்ணிலேயே விட்டும் வைக்கலாம். நெல்லுக்கு இந்த வசதி கிடையாது. விவசாயி உட்கார்ந்து யோசிக்கட்டும் என்றே கடவுள் மரவள்ளியைப் படைத்திருக்க வேண்டும். அன்புச்செல்வனோ யோசிக்க ஆரம்பித்தால் தட்டில் சோறு காய்ந்துபோகும் ரகம்.

மகள் மலர்விழிக்கு இருந்தது ஒரே யோசனை. மருந்தடிக்கும் ட்ரோன். பயிற்சிக்குப் போய் லைசென்ஸே வாங்கிவிட்டாள். மானியம் போகத் தன் பங்கு இரண்டு லட்சத்தை முப்பதாம் தேதிக்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ட்ரோன் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த இரண்டு லட்சம் வடக்கனந்தலுக்கு வெளியே, மூன்று ஏக்கர் மண்ணுக்குக் கீழே கிழங்காக இருந்தது.

பிடுங்கி விற்றிருந்தால் கதையே இல்லை. நடுவில் வெற்றிவேல் வந்தார்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில் 'உலகச் சந்தை வழிகாட்டி மையம்' நடத்துகிறவர். பெங்களூரில் ஆறு வருஷம் கம்ப்யூட்டரை முறைத்துவிட்டுத் திரும்பியவர். சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்றுவதில்லை. சுவரில் உலக வரைபடம். அதில் கள்ளக்குறிச்சி இல்லாததால் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டியிருந்தார். பொட்டின் ஓரம் கொழும்பைத் தொட்டது.

"மாமா, மொதல்ல ஒண்ணு தெரிஞ்சிக்கங்க. நீங்க விவசாயி இல்ல. இன்வெஸ்டர்" என்றார்.

அன்புச்செல்வன் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தாய்லாந்துல வெள்ளை ஈ வுழுந்து கெழங்கு பூரா காலி. சைனாக்காரன் ஸ்டார்ச்சுக்கு எங்க போவான்?"

"எங்க போவான்?"

வெற்றிவேல் பொட்டைத் தொட்டுக் காட்டினார்.

"அப்ப வெல ஏறுமா தம்பி?"

"ஏற வாய்ப்பு ஜாஸ்தி. டாலர் முறுக்கிகினா எறங்கவும் வாய்ப்பு கீது."

"இப்ப நான் புடுங்கறதா, வேணாமா?"

"ஹோல்டு பண்ணுங்க மாமா. பதறாதீங்க."

முந்நூறு ரூபாய் கட்டி இதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசலில் கிழங்குத் தரகர் நின்றிருந்தார். "இப்பக் குடுக்கறதா இல்ல. சைனாக்காரன் வரட்டும்" என்றார் அன்புச்செல்வன். தரகர் அன்புச்செல்வனின் மனைவி தங்கமணியைப் பார்த்தார். தங்கமணி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அதன் பிறகு வாட்ஸ்அப்பில் தினம் ஒரு உலகம் வந்தது. திங்கட்கிழமை, கிழங்கு மாவில் பை செய்யும் புது இயந்திரம் ஜெர்மனியில் வந்துவிட்டதாம், விலை பறக்கும். செவ்வாய்க்கிழமை, ஆய்வுக்கூடத்தில் காற்றிலிருந்தே ஸ்டார்ச் எடுக்கிறார்களாம், விலை படுக்கும். புதன்கிழமை, இரண்டையும் சேர்த்து நிதானமாகப் பார்க்க வேண்டுமாம்.

"காத்துலேர்ந்தா?" என்றாள் தங்கமணி. "அப்ப நாம பதினோரு மாசமா எதுக்குக் களை வெட்டிகினு இருந்தோம்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இப்பிடி ஒக்காந்துகினு கீறேன்?"

இருபத்திரண்டாம் தேதி ஆகிவிட்டது. உலகம் கைவிட்டதும் ஆட்கள் வழக்கமாகப் போகிற இடத்துக்குப் போக முடிவானது. கல்வராயன் மலைமேல் ஓர் அம்மன். அங்கே பூ கேட்கலாம். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். இந்தப் பூ வந்தால் இது என்று மனசுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும். வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பூசாரி இரண்டையும் குலுக்கி அம்மன் காலடியில் போட்டு ஒன்றை எடுத்துப் பிரிப்பார். ஒரே காரியத்துக்கு அந்த வருஷம் மறுபடி கேட்கவும் கூடாது.

சிவப்பு வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இருவர் முகத்திலும் அப்படியொரு தெளிவு. பஸ் வெள்ளிமலை தாண்டி வளைவுகளில் இறங்கும்வரை அது இருந்தது.

"அம்மனே சொல்லிடுச்சு. நாளைக்கே புடுங்கிடலாங்க" என்றாள் தங்கமணி.

"புடுங்கறதா? செவப்புல்ல வந்துச்சு. செவப்புன்னா வுட்டு வெக்கறது."

"யாரு சொன்னது? செவப்புன்னா புடுங்கறதுன்னு நெனச்சேன் நானு."

"நான் வெள்ளைக்கில்ல அத நெனச்சேன்!"

"உங்கள யாரு நெனைக்கச் சொன்னா? பொட்டலம் கட்டுனது நானு."

"தட்டுல காசு போட்டது நானு."

முன்சீட்டில் கேழ்வரகு மூட்டையோடு இருந்த பெண் திரும்பினாள். "செவப்புன்னா நில்லுதானங்க? டவுன்ல லைட்டு போட்டு நிறுத்தறாங்களே."

"அம்மன் இன்னா போலீஸா?" என்றாள் தங்கமணி. கண்டக்டர் விசில் ஊதினார், யாருக்கு ஆதரவாக என்று தெரியவில்லை.

கச்சிராயபாளையத்தில் பஸ் மாறி ஊர் வந்து சேர்ந்தார்கள். மரவள்ளிக் கொல்லையில் ஒரு ஏக்கர் காலியாகக் கிடந்தது. கூலிக்கு ஆள் கூட்டிவரும் பெரியம்மாளும் அவளுடைய ஆட்கள் பன்னிரண்டு பேரும் கிழங்கைப் பிடுங்கி வரிசையாகக் குவித்துக்கொண்டிருந்தார்கள். மலர்விழி குடத்தோடு தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"யாரக் கேட்டு?" என்றார் அன்புச்செல்வன்.

"பெரியம்மாக்காவுக்கு இன்னிக்கும் நாளைக்கும்தான் வேல இல்லியாம். அப்புறம் பதினஞ்சு நாளு திருநாவலூர் பக்கம் நடவுக்குப் போறாங்க. வரச் சொல்லிட்டேன்."

"தாய்லாந்து நெலவரம் தெரியாம பண்ணிட்டியே!"

"தாய்லாந்துலேர்ந்து யாரும் புடுங்க வர மாட்டாங்கப்பா."

பெரியம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றாள். "நிறுத்தறதுன்னா இப்பவே சொல்லிடுங்க. ஆனா ஒண்ணு, புடுங்குன கெழங்கத் திரும்பப் பொதைக்க எனக்குத் தெரியாது."

அன்புச்செல்வனுக்கும் தெரியாது. பிடுங்கிய கிழங்கு இரண்டு நாளுக்குமேல் தாங்காது என்பது மட்டும் தெரியும். மறுநாள் சாயங்காலம் மீதி இரண்டு ஏக்கரும் பிடுங்கி முடிந்ததும் லாரியில் ஏற்றி ஆத்தூர் ரோட்டில் இருக்கிற ஜவ்வரிசி ஆலைக்குக் கொண்டுபோனார். மலர்விழியும் ஏறிக்கொண்டாள். அப்பாவைத் தனியாக விட்டால் லாரி கொழும்புக்குப் போனாலும் போகும்.

ஆலை வாசலில் ஏழு லாரி வரிசை. முன்னால் நின்ற லாரியின் மேல், தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஒரு ஆள் தார்ப்பாய் அவிழ்த்துக்கொண்டிருந்தார். கோட்டு இல்லாததால் அடையாளம் தெரியச் சற்று நேரம் பிடித்தது.

"வெற்றிவேலு?"

கை அப்படியே நின்றது. "மாமா... நீங்களா."

"ஹோல்டு பண்ணச் சொன்னியே தம்பி."

"அது உலக டிரெண்டு மாமா."

"இது?"

"இது எங்கம்மா."

லாரியின் முன்பக்கத்திலிருந்து ஜெயம்மாள் இறங்கி வந்தாள். ரிஷிவந்தியத்தில் இரண்டு ஏக்கர் பயிர் வைக்கிறவள். "ஆளு கெடச்சாங்க, புடுங்கிட்டேன். இவன் ஒரு மாசமா போன்ல இன்னாத்தையோ காட்டிகினே இருந்தான். கண்ணாடி வூட்ல கீதுன்னுட்டேன்" என்றாள்.

"இப்ப விக்கறது சரியா தப்பா? அத மட்டும் சொல்லு தம்பி" என்றார் அன்புச்செல்வன். கேட்ட குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்.

"லாங் டெர்ம்ல பாத்தீங்கன்னா மாமா..."

"தார்ப்பாய மடிடா" என்றாள் ஜெயம்மாள்.

ஆலையில் கிழங்கைத் தண்ணீரில் அமிழ்த்தி எடை போட்டு மாவுச்சத்து பார்த்தார்கள். நன்றாகவே இருந்தது. விலைதான் போன மாதத்தைவிடக் கம்மி. கூலி, லாரி வாடகை போக இரண்டு லட்சத்துப் பதினோராயிரம் கையில் நின்றது. மலர்விழி மறுநாளே பாங்கில் டிடி எடுத்தாள்.

இருபத்தொன்பதாம் தேதி அப்பாவும் மகளும் வேளாண்மை அலுவலகத்துக்குப் போனார்கள். டிடியை வாங்கிப் பார்த்த பெண் ஊழியர், "அவசரமே இல்லம்மா. கடைசித் தேதிய ஒரு மாசம் தள்ளி வெச்சிட்டாங்க. நேத்துதான் ஆர்டர் வந்துச்சு" என்றார்.

அன்புச்செல்வன் விரல்விட்டு மாதத்தை எண்ணினார். "அப்ப கெழங்கு இன்னொரு மாசம் மண்ணுல இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்" என்றாள் மலர்விழி.

"வெல ஏறியிருக்கலாம்."

"எறங்கியும் இருக்கலாம்."

அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மலரு, பணத்த இப்பவே கட்டணுமா? புது மாடல் ட்ரோன் வரப் போவுதாம். பழசு பாதி வெலைக்கு வந்துடுமாம். ஒரு மாசம் டைம்தான் கீதே, பொறுமையா யோசிச்சு..."

மலர்விழி படிவத்தைத் திருப்பி அவர் முன்னால் தள்ளினாள். "தகப்பனார் கையெழுத்து இங்க. இன்னொரு மாசம் நீ யோசிக்கறதப் பாக்க என்னால முடியாதுப்பா."

அவர் நின்று நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். ஊழியர் சீல் குத்தி ரசீதைக் கிழித்து நீட்டினார். மலர்விழி அதை நாலாக மடிக்காமல், நோட்டுக்குள் வைத்து மூடினாள்.

"நமக்கு இதுல லாபமா நட்டமா?" என்று அன்புச்செல்வன் அந்த ஊழியரையே கேட்டார்.

"அது பக்கத்து செக்‌ஷனுங்க" என்றார் அவர்.