டெல்மர் நிரப்பிய தோட்டா

எங்கள் மிசோரிப் பக்கத்து ஆண்பிள்ளைகளுக்கு ஒரு நம்பிக்கை உண்டு: மனைவி சின்ன உருவம், அதனால் அவளுக்குத் துப்பாக்கியும் சின்னதாக இருக்க வேண்டும். உண்மையில் கையை அதிகம் உதைப்பது அந்தக் குட்டித் துப்பாக்கிதான். சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். பதினோரு வருஷமாக இந்தச் சுடுதளத்தில் பாதுகாப்பு மேற்பார்வை பார்க்கிறேன். துப்பாக்கியைக் கண்டு பயந்ததில்லை; எல்லாம் தெரிந்தவர்களைக் கண்டுதான் பயம்.

அந்தச் சனிக்கிழமை டெல்மர் ஹட்சின்ஸ் தன் மனைவி வெர்னாவோடு வந்தான். திருமண நாள் பரிசாக உள்ளங்கைக்குள் அடங்கும் கைத்துப்பாக்கி ஒன்று. தோட்டாக்கள் அவனே கார் கொட்டகையில் உட்கார்ந்து வெடிமருந்து நிரப்பியவை. கடைத் தோட்டா வாங்குகிறவன் ஆம்பளையே இல்லை என்பது அவன் கட்சி.

"பிடி செல்லம். பயப்படாத. நான்தான் பக்கத்துல இருக்கேன்ல?"

"அதான் பயம்," என்றாள் வெர்னா.

நான்கு குண்டு சுட்டாள். ஐந்தாவதில் சோடா மூடி திறந்த மாதிரி ஒரு சத்தம். துப்பாக்கி கையை உதைக்கவில்லை. அவள் துப்பாக்கியை எதிரே குண்டு தாங்கும் மண்மேட்டுப் பக்கமே நீட்டியபடி, விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு அசையாமல் நின்றாள். காலையில் நான் எடுத்த அரைமணி வகுப்பை அவள்தான் கேட்டாள். டெல்மர் அப்போது வெளியே நின்று ஒரு லாரிக்காரனுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தான்.

"சத்தம் சரியில்ல டெல்மர். குண்டு உள்ளயே மாட்டியிருக்கும் போல. அந்த மேற்பார்வைக்காரர் ராய்ஸைக் கூப்பிடு."

"கொண்டா இப்படி. இதுக்கெல்லாம் ஒரு ஆளா?"

பிடுங்கினான். துப்பாக்கியின் அடியில் ஒரு தட்டு, மேல்பகுதியைப் பின்னால் ஒரு இழுப்பு. வீடியோ பார்த்துப் பார்த்துப் பழகிய கை! அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிட்டது. குழலில் ஒரு குண்டு அடைத்திருக்கும்போது பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வெடிக்கும், விரல் போகும். நானோ மறுகோடியில், பாதுகாப்புக் கண்ணாடி போடாத ஒருத்தனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

"நிறுத்துங்க! எல்லாரும் சுடுறத நிறுத்துங்க!"

வெர்னாவின் குரல். எங்கள் தளத்தில் அப்படி யார் கத்தினாலும், வேடிக்கை பார்க்க வந்தவரே கத்தினாலும், ஏன் எதற்கு என்று கேட்காமல் நிறுத்தியாக வேண்டும். பன்னிரண்டு ஆம்பளைகள் துப்பாக்கியைக் கீழே வைத்துப் பின்வாங்கினார்கள். டெல்மரும் வைத்தான்.

"ஏன்டி இப்படி ஊரைக் கூட்டுற?"

நான் ஓடினேன். குழல் மண்மேட்டைப் பார்த்தபடி இருக்க, தோட்டா அடுக்கை உருவினேன், உள்ளே ஏறியிருந்ததையும் வெளியே எடுத்தேன். காலிதான் என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுப் பித்தளைக் கம்பியைக் குழலுக்குள் விட்டேன். பாதியில் முட்டி நின்றது; தட்டியதும் மாட்டியிருந்த குண்டு வெளியே விழுந்தது.

"துப்பாக்கி சரியில்லப்பா ராய்ஸ். இப்பல்லாம் எவன் ஒழுங்கா செய்றான்?" என்றான் டெல்மர்.

"துப்பாக்கி பத்தரை மாத்துத் தங்கம். நீ நிரப்பின தோட்டாவுலதான் மருந்தே இல்ல."

"செவ்வாக்கிழம உன் தம்பிகிட்ட போன்ல அரசியல் பேசிக்கிட்டே நிரப்பினியே," என்றாள் வெர்னா. "அந்தப் பெட்டிதான இது?"

டெல்மருக்குக் காது சிவந்தது. ஆனாலும் விழுந்தவன் மீசையில் மண் ஒட்டுமா?

"ஒண்ணு தப்பியிருக்கும். மிச்சமெல்லாம் முதல் தரம்!"

வெர்னா பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள்.

"நாப்பத்தஞ்சு இருக்கு. என் கையில குடுத்ததுதான? இப்ப நீ சுடு. நான் தள்ளி நின்னு பாக்குறேன்."

தடுக்க வேண்டியவன் நான். குனிந்து பித்தளைக் கம்பியைத் துடைக்க ஆரம்பித்தேன். பன்னிரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டெல்மர் பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு வலது கையை மெதுவாகக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.